மாக், மெக், மக்: ஸ்காட்லாந்துக் குலப்பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ, ஊர் ஊராகச் சுவடி சேர்த்த காலின் மெக்கன்சி, நம் பள்ளிக்கூடத்தை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பிய மெக்காலே, 1906-ல் மதராஸில் பலருடைய சேமிப்பை முழுக வைத்த அர்பத்நாட் கம்பெனி. எல்லாமே ஸ்காட்லாந்துப் பெயர்கள். நமக்கு இவ்வளவு பழகிய பெயர்களைப் பற்றிக் கேள்விகள் வருவதில் ஆச்சரியம் இல்லை. வழக்கமாக வரும் கேள்விகளையும் என்னால் முடிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

‘மாக்’ என்றால் மகன்தானே? அப்படியானால் தமிழிலிருந்து போன சொல்லா?

பொருள் மகன்தான். உறவு கிடையாது.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்திலும் மேற்குத் தீவுகளிலும் பேசப்பட்ட மொழி கேலிக். அதில் ‘மாக்’ என்றால் மகன். அயர்லாந்தில் 4-ஆம் நூற்றாண்டு முதல் ஓகம் என்ற கோட்டெழுத்தில் வெட்டிய நடுகற்கள் கிடைக்கின்றன. அவற்றில் இந்தச் சொல் ‘மக்வி’ என்ற வடிவில் வருகிறது. இன்னாருடைய மகன் இன்னாருடைய கல் என்று சொல்லும் கற்கள் அவை. அந்த ‘க்வ’ ஒலி கேலிக்கில் ‘க்’ ஆனது. பக்கத்து வேல்ஸ் மொழியில் ‘ப்’ பக்கம் சாய்ந்து ‘மாப்’ ஆகி, பெயர்களின் முன்னால் ‘ஆப்’ என்று சுருங்கியது. ஆப் ஹாரி என்றால் ஹாரியின் மகன். அதை வேகமாகச் சொன்னால் பாரி. நம்முடைய பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி ஒரு வேல்ஸ்காரர். ஆக, சென்னை பாரிக்கும் ஸ்காட்லாந்து மாக்குக்கும் சொந்தம் உண்டு. தமிழ் மகனுக்கும் அதற்கும் உள்ளது வெறும் காதுப் பொருத்தம். ஒரே ஒரு சொல் ஒத்துப்போவதை வைத்து இரண்டு மொழிக் குடும்பங்களுக்கு முடிச்சுப் போட முடியாது.

எம்-ஏ-சி என்று எழுதினால் ஸ்காட்லாந்து, எம்-சி என்று எழுதினால் அயர்லாந்து. சரியா?

இல்லை. இது உலகம் முழுக்க நம்பப்படும் கட்டுக்கதை. எம்-சி என்பது எழுத்தர்கள் கை வலிக்காமல் இருக்கப் போட்ட சுருக்கம், அவ்வளவுதான். பழைய ஆவணங்களில் சி எழுத்தைச் சின்னதாக மேலே தூக்கி எழுதி அடியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அச்சுக்கூடங்களில் எம் எழுத்துக்குப் பக்கத்தில் வெறும் மேற்கோள் குறியைப் போட்டு முடித்ததும் உண்டு. மூன்றும் ஒரே பெயர்.

பிரிட்டிஷ் பிரதமராக இருந்து 1932-ல் வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தாரே ராம்சே மக்டொனால்ட், அவரைப் பாருங்கள். 1866-ல் ஸ்காட்லாந்தின் லாசிமவுத்தில் பிறந்தார். பெற்றோர் மணம் செய்துகொள்ளாதவர்கள் என்பதால் பிறப்புப் பதிவில் அவர் பெயர் ஜேம்ஸ் மக்டொனால்ட் ராம்சே, அதுவும் எம்-சி போட்டு. பின்னாளில் தந்தை பெயரைக் கடைசிக்கு நகர்த்தி, எம்-ஏ-சி போட்டு எழுதினார். ஒரே ஆளுக்குள் இரண்டு எழுத்தும் இருந்திருக்கின்றன. மறுபக்கம், மெக்டொனால்ட்ஸ் கடையைத் தொடங்கிய சகோதரர்கள் எம்-சிக்காரர்கள், அயர்லாந்து வழிக் குடும்பம். அது தற்செயல். அதை வைத்து விதி செய்ய முடியாது.

ஒரே பெயருக்கு ஏன் இத்தனை வடிவங்கள்?

மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது எல்லா ஊருக்கும் பொது. பெயரைச் சொன்னவருக்கு எழுதத் தெரியாது. எழுதியவருக்குக் கேட்டதுதான் கணக்கு. 18-ஆம் நூற்றாண்டு வரை சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான் இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. ஒரே பத்திரத்தில் ஒரே மனிதரை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது, பேசியது கேலிக், எழுதியது ஸ்காட்ஸ் (ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் பேசிய, ஆங்கிலத்துக்கு உறவான மொழி) அல்லது ஆங்கிலம் அல்லது லத்தீன். கேலிக்கில் இருக்கும் பாதி ஒலிகளுக்கு அந்த எழுத்தில் இடம் இல்லை. மக்காய் குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பெயர் ‘ஈ’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். பொருள் நெருப்பு. அந்த ஒற்றை உயிரொலியை எழுத்தில் பிடிக்கப் போனவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதி வைத்தார்கள்: மக்காய், மக்கீ, மக்கி, அமெரிக்காவில் மக்கோய், அயர்லாந்தில் மகீ.

மூன்றாவதுதான் சுவையானது. கேலிக்கில் ‘மாக்’ வந்து ஒட்டும்போது அடுத்த பெயரின் முதல் மெய் பல சமயம் மெலிந்துவிடும். ‘கடல்’ என்பதில் வரும் ககரமும் ‘பகல்’ என்பதில் வரும் ககரமும் ஒன்றாகவா ஒலிக்கின்றன? அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேலிக்கில் மெலிவு இன்னும் கடுமை. டகரம் தொண்டைக்குள் இறங்கிக் ககரத்துக்குப் பக்கத்தில் போய்விடும். சகரம் வெறும் ஹகரம் ஆகும், தகரமும் அப்படியே. அதனால் டோனல் என்பவரின் மகனை டகரம் தெரிய எழுதினால் மக்டொனால்ட், காதில் விழுந்தபடி எழுதினால் மக்கானல். இரண்டும் ஒரே மூலம். தாமஸ் என்ற பெயரின் மேட்டுநில வடிவத்திலிருந்து ஒரு பக்கம் மக்டாவிஷ், இன்னொரு பக்கம் மக்காவிஷ். சுவீன் என்ற பழைய பெயரிலிருந்து மக்ஸ்வீன் வந்தது. சகரம் மெலிந்துபோன இடத்தில் அதே பெயர் மக்குவீன் ஆகி, ‘ராணியின் மகனோ’ என்று கேட்க வைக்கிறது. ராணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பெயருக்கு முன் ‘கில்லே’, அதாவது அடியார் என்ற சொல் இருந்தால் இன்னும் சிக்கல். புனித யோவானின் அடியாருடைய மகன் என்பது நான்கைந்து அசை நீளமுள்ள பெயர். அது தேய்ந்து தேய்ந்து மக்ளேன் ஆனது. மல் தீவின் டுவார்ட் கோட்டைக் கிளை ஒரு மாதிரி எழுத, அதே தீவின் லோக்புயி கிளை நடுவில் ஒரு ஐ சேர்த்து எழுதுகிறது. புனித தாமஸின் அடியாருடைய மகன் ‘மக்லிஹோஸ்’ ஆகிவிட்டார். பார்த்தால் பிரெஞ்சுப் பெயர் போல இருக்கும்.

‘கிளான்’ என்றால் சாதியா, கோத்திரமா? ஒரே பெயர்க்காரர்கள் எல்லாம் ஒரே ரத்தமா?

சாதி இல்லை. கேலிக்கில் ‘க்ளான்’ என்றால் பிள்ளைகள், சந்ததி. அந்தச் சொல்லே லத்தீனில் செடியைக் குறிக்கும் ‘பிளாண்டா’ என்பதிலிருந்து வந்த கடன். கொடிவழி, குலக்கொழுந்து, கான்முளை என்றெல்லாம் சந்ததியைச் செடிகொடியாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது உடனே புரியும்.

மக்டொனால்ட்களின் கொடி, 1164-ல் இறந்த சோமர்லெட் என்ற தீவுத் தலைவரிடமிருந்து கிளம்புகிறது. அவருடைய பேரன் டோனல். அவர் பெயரால் குலம். அவர்கள் வழியில் வந்த ‘தீவுகளின் பிரபு’ என்ற பட்டத்தை 1493-ல் ஸ்காட்லாந்து அரசர் பறித்தார். குலம் ஸ்லீட், கிளான்ரானல்ட், கிளெங்காரி, கெப்போக், கிளென்கோ என்று கிளை கிளையாகப் பிரிந்து நின்றது. கிளெங்காரிக்காரர்கள் கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘மக்டொனெல்’ என்று எழுதுவார்கள். அயர்லாந்தின் ஆன்ட்ரிமுக்குப் போன கிளையும் மக்டொனெல்தான், ஒரு என் கூடுதலாக.

ஆனால் அந்தப் பெயர் உள்ள எல்லோரும் டோனலின் வாரிசு என்று நினைத்தால் தப்பு. மேட்டுநிலத்தில் சாதாரண மக்களுக்கு 17, 18-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நிலையான குடும்பப்பெயரே பெரும்பாலும் இல்லை. ‘அலஸ்டரின் மகனான டோனலின் மகன் இயன்’ என்று மூன்று தலைமுறையை அடுக்கிச் சொல்வார்கள். அடுத்த தலைமுறையில் அடுக்கு மாறிவிடும். நம் இனிஷியல் மாதிரிதான். பிறகு பாதிரியாரோ ஜமீன் கணக்குப்பிள்ளையோ ‘குடும்பப்பெயர் என்ன?’ என்று கேட்டபோது, யாருடைய நிலத்தில் குடியிருந்தார்களோ அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் சேர்ந்தவர்களும் உண்டு. ஃபிரேசர் குலத்தில் ஒரு மூட்டை மாவுக்காகப் பெயர் மாற்றிக்கொண்டவர்களை ‘மாவு ஃபிரேசர்கள்’ என்று கேலி செய்வார்கள்.

சொத்துக்காக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் எல்லாம் சுற்றிக் குறிப்பெடுத்த பிரான்சிஸ் புக்கானன், பின்னாளில் தாய்வழிச் சொத்து வந்ததும் ஹாமில்டன் ஆகிவிட்டார். ஸ்காட்லாந்தில் பெயர் மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேறு பெயரில் பழக ஆரம்பித்தால் போதும்.

‘மாக்’ இல்லாத பெயர்கள் குலப்பெயர்கள் இல்லையா?

பெரிய குலங்களில் பல ‘மாக்’ இல்லாதவைதான். காம்பெல் என்பது ‘கோணல் வாய்’, காமரன் என்பது ‘கோணல் மூக்கு’. யாரோ ஒரு முன்னோருக்கு வைத்த பட்டப்பெயர் பிரபு வம்சங்களின் பெயராக நிலைத்துவிட்டது. காம்பெல்லில் எம்-க்கு அடுத்து ஒலிக்காத ஒரு பி எழுத்து இருக்கிறதே, அது ஒட்டவைத்தது. பழைய ஆவணங்களில் அது இல்லை. ‘கோணல் வாய்’ என்பது கௌரவக் குறைவாகப் பட்டதோ என்னவோ, லத்தீனில் ‘அழகிய வயல்’ என்று பொருள்படும்படி காம்போ பெல்லோ என்று எழுதிப் பார்த்தார்கள். அந்த பி அங்கிருந்து வந்தது. கேலிக் மொழிக்காரர்கள் இன்றைக்கும் அந்த பி இல்லாமல்தான் எழுதுகிறார்கள்.

ஊர்ப்பெயரால் வந்தவை டக்ளஸ், கார்டன், மரே, புக்கானன். டக்ளஸ் என்றால் கருநீர். சதர்லாண்ட் என்றால் ‘தென்னாடு’. வரைபடத்தில் அது ஸ்காட்லாந்தின் வடகோடிக்குப் பக்கம் இருக்கும். அதற்கும் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் இருந்த நார்ஸ்காரர்களுக்கு, அதாவது நார்வே வழி வைக்கிங்குகளுக்கு, அது தெற்கு. பெயர் வைத்தவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதும் பெயருக்குள் பதிந்துவிடுகிறது.

பிரான்சிலிருந்து வந்தவை புரூஸ், சின்க்ளேர், ஃபிரேசர். ஸ்காட்லாந்துக் குலங்களாகவே மாறிப்போன இந்தக் குடும்பங்கள் ஒருகாலத்தில் பிரெஞ்சு பேசியவை.

மன்றோ தனி ரகம். கேலிக்கில் அதன் வடிவம் ‘ரோஹக்’, அதாவது ரோ என்ற இடத்துக்காரன். அந்த ரோ அயர்லாந்தின் ரோ ஆற்றங்கரை என்பது குலத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. யு போட்டும் ஓ போட்டும் கடைசியில் ஈ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள். 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்து மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோவும் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோவும் எழுத்தில் வேறு, பெயரில் ஒன்று.

அர்பத்நாட்டும் ஊர்ப்பெயர்தான். அங்கே சண்டை ஒரே ஒரு டி எழுத்தில். பிரபுப் பட்டம் வைத்திருக்கும் மூத்த கிளை கடைசியில் இரண்டு டி போடும், மற்ற பல கிளைகள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். மதராஸ் கம்பெனி ஒற்றை டி.

வைக்கிங்குகளின் பெயர்களும் கலந்திருக்கின்றனவாமே?

மேற்குத் தீவுகள் 1266 வரை நார்வே அரசரின் ஆட்சியில் இருந்தன. கலக்காமல் எப்படி இருக்கும்? மக்ளவுட் குலத்தின் முன்னோர் லியோட் என்பவர். நார்ஸ் மொழியில் அதற்கு ‘அவலட்சணம்’ என்று பொருள். தர்மசாலாவுக்கு மேலே இருக்கும் மக்ளவுட்கஞ்ச், பஞ்சாபின் துணை கவர்னராக இருந்த டொனால்ட் மக்ளவுடின் பெயரைச் சுமக்கிறது. முதல் பெயர் கேலிக், இரண்டாவது நார்ஸ். மக்ஐவர், மக்டூகல் போன்றவற்றிலும் இந்தக் கலப்பு உண்டு. டூகல் என்றால் ‘கறுத்த அந்நியன்’, டேனிஷ்காரர்களைக் கேலிக் மொழிக்காரர்கள் அழைத்த பெயர். லாமண்ட் என்பது நார்ஸ் மொழியில் சட்டம் தெரிந்தவர்.

மெக்காலே இன்னும் நல்ல உதாரணம். அவருடைய தந்தைவழி ஹெப்ரிடீஸ் என்ற மேற்குத் தீவுகளைச் சேர்ந்தது. அங்கே அந்தப் பெயருக்கு ‘ஓலாஃபின் மகன்’ என்று பொருள். கிளைட் ஆற்றுக் கரையில் ஆர்டின்கேப்பிள் என்ற இடத்தில் இன்னொரு மெக்காலே குலம் இருந்தது. அவர்கள் பெயர் வேறு ஒரு பழைய கேலிக் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. இதுவரை ஒரே மூலம், பல எழுத்து என்று பார்த்தோம். இது தலைகீழ்: ஒரே எழுத்து, பல மூலம். எனக்கு இரண்டாவதுதான் அதிக ஆபத்தாகத் தெரிகிறது. எழுத்து ஒத்துப்போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் இல்லையா?

தொழிலால் வந்த பெயர்கள் உண்டா?

நிறைய. மக்கின்டயர் என்றால் தச்சன் மகன். மக்கவன் கொல்லன் மகன். மக்நாப் மடாதிபதியின் மகன், மக்டாகர்ட் பூசாரியின் மகன், மக்ஃபெர்சன் பங்குச்சாமியின் மகன். சாமியாருக்குப் பிள்ளை எப்படி என்று கேட்காதீர்கள். பழைய கேலிக் திருச்சபையில் அந்தப் பதவிகள் பரம்பரையாகவும் போயின. மக்கின்டாஷ் என்பது தலைவனின் மகன். கிளாஸ்கோ வேதியியலாளர் சார்ல்ஸ் மக்கின்டாஷ் 1823-ல் மழை புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரில் கே எழுத்து இல்லை. அந்தத் துணியில் தைத்த கோட்டுக்கு மட்டும் ஊரார் ஒரு கே சேர்த்துவிட்டார்கள். ஆப்பிள் கணினியின் பெயர் வட அமெரிக்க ஆப்பிள் ரகம் ஒன்றிலிருந்து வந்தது. பழத்துக்கு எம்-சி, கணினிக்கு எம்-ஏ-சி.

இந்தத் தொழில் பெயர்களில் பல, மேட்டுநிலத்தை விட்டுத் தெற்கே வேலைக்கு வந்தபோது மொழிபெயர்க்கப்பட்டன. தச்சன் மகன் ரைட் ஆனார், கொல்லன் மகன் ஸ்மித் ஆனார். பிரௌன் என்ற பெயருக்குப் பின்னால் சில இடங்களில் ‘நீதிபதியின் மகன்’ என்ற கேலிக் பெயர் ஒளிந்திருக்கிறது. பழுப்பு நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஒலி கொஞ்சம் ஒத்துப்போனது, அவ்வளவே. சென்னையில் ஹாமில்டன் பாலம் ஜனங்கள் வாயில் ‘அம்பட்டன் வாராவதி’ ஆகி, அதை யாரோ திருப்பி ஆங்கிலத்தில் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதினார்கள் என்ற கதை தெரியும்தானே? ஹாமில்டனும் ஸ்காட்லாந்தின் பெரிய குடும்பப்பெயர்தான். அங்கே மனிதர்களின் பெயர்களுக்கு நடந்தது இங்கே ஒரு பாலத்துக்கு நடந்தது.

மென்சீஸ் என்று எழுதிவிட்டு ‘மிங்கிஸ்’ என்கிறார்களே?

பழைய ஸ்காட்ஸ் எழுத்தில் ‘யோக்’ என்று ஓர் எழுத்து இருந்தது. வால் தொங்கும் 3 மாதிரி இருக்கும். யகரத்துக்கும் ஙகரத்துக்கும் பக்கத்திலான ஒலிகளுக்கு அதை எழுதினார்கள். அச்சு வந்தபோது அச்செழுத்துப் பெட்டியில் அது இல்லை. தோற்றத்தில் நெருக்கமாக இருந்த ‘இசட்’ எழுத்தைத் தூக்கிப் போட்டார்கள். போடும்போது எல்லோருக்கும் தெரியும், அது இசட் இல்லை என்று. இரண்டு தலைமுறை போனதும் மறந்துவிட்டது.

மென்சீஸ் குலத்தார் பலர் இன்னும் பழைய ஒலியை விடவில்லை. பிரிட்டிஷ் அரசியல்வாதி மென்சீஸ் காம்பெல்லை ‘மிங்’ என்றே அழைத்தார்கள். ஆஸ்திரேலியப் பிரதமர் ராபர்ட் மென்சீஸுக்கும் அதே பட்டப்பெயர். டல்ஸீல் என்று எழுதுவதை ‘டியெல்’ என்று படிக்க வேண்டும். மக்கென்சியும் ஒருகாலத்தில் ‘மக்கிங்கி’ போல ஒலித்ததுதான், கென்னத் என்ற பெயரின் கேலிக் வடிவிலிருந்து வந்தது. அந்தக் குலம் மட்டும் எழுத்துக்குத் தோற்றுப்போய் இசட் ஒலியையே ஏற்றுக்கொண்டது. லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் 1754-ல் பிறந்து, 1815-ல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனாரே காலின் மெக்கன்சி, அவருடைய பெயரை நாம் உச்சரிப்பதும் அச்சுக்காரர் செய்த அந்த மாற்றத்தால்தான்.

ஒலிக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லாத வேறு சில: கஹூன் (எழுத்தில் எல், கியூ எல்லாம் வரும்), மார்ச்பேங்க்ஸ் (எழுத்தில் மார்ஜோரிபேங்க்ஸ்), வீம்ஸ், ரிவன். பட்டியல் நீளும்.

மக்ரெகர் பெயரைச் சொன்னாலே தூக்கு என்ற காலம் உண்மையா?

உண்மை. 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் மக்ரெகர்கள் கஹூன் குலத்தாரைப் பெருமளவில் வெட்டிச் சாய்த்தார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி அரசர் ஆறாம் ஜேம்ஸின் ஆலோசனைக் குழு அந்தப் பெயரையே தடை செய்தது. பெயரை விட மறுத்தால் மரண தண்டனை. குலத்தலைவர் அலஸ்டர் அடுத்த ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். 1661-ல் தடை நீங்கியது, 1693-ல் திரும்ப வந்தது, 1774-ல்தான் ஒரேயடியாக ஒழிந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்ரெகர்கள் காம்பெல், ட்ரம்மண்ட், கிரகாம், மரே, ஸ்டூவர்ட் என்று கிடைத்த பெயரில் ஒளிந்துகொண்டார்கள். அந்தக் குலத்தின் புகழ்பெற்ற வீரர் ராப் ராய் தாயின் பெயரான காம்பெல்லைப் போட்டுக் கையெழுத்திட்டார். (ராய் என்றால் செம்பட்டைத் தலை. வங்காள ராய்க்கு உறவில்லை.)

தடை நீங்கியதும் எல்லோரும் பழைய பெயருக்குத் திரும்பிவிடவில்லை. திரும்பியவர்களில் வங்காளத்தில் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஜான் மரே முக்கியமானவர். 826 மக்ரெகர்கள் கையெழுத்திட்டு அவரைத் தலைவராக ஏற்றார்கள். திரும்பாதவர்களின் சந்ததி இன்றும் காம்பெல்களாகவும் மரேக்களாகவும் இருக்கிறது. பலருக்குத் தாங்கள் மக்ரெகர் என்பதே தெரியாது.

ஸ்டூவர்ட் பெயரில் ஏன் இரண்டு எழுத்துக்கூட்டல்?

அது ‘ஸ்டூவர்ட்’ என்ற பதவி, அரண்மனைக் காரியஸ்தர். 12-ஆம் நூற்றாண்டில் அந்தப் பதவி வகித்த வால்டரின் வழியினர் 1371-ல் அரியணையே ஏறினார்கள். பிரெஞ்சில் டபிள்யூ பழக்கமில்லாத எழுத்து. அதனால் பிரான்சில் வளர்ந்த அரசி மேரியின் காலத்தில் அதற்குப் பதில் யு போட்டு எழுதும் வழக்கம் பரவியது. இரண்டுமே சரி.

‘டி’ பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

மக்டொனால்டில் நடுவே வரும் டி எழுத்தைக் கேட்கிறீர்கள் என்றால், விதி எதுவும் இல்லை. கனடாவின் முதல் பிரதமர் ஜான் மக்டொனால்ட் போட்டது சின்ன டி. ராம்சே போட்டது பெரிய டி. அவரவர் எப்படி எழுதுகிறாரோ அப்படி எழுதுவதுதான் மரியாதை.

பெண்கள் எப்படி ‘மகன்’ என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்?

கேலிக்கில் வைத்துக்கொள்வதில்லை. பெண்ணுக்கு ‘மாக்’ போய் ‘நிக்’ வரும். அண்ணன் மாக் என்றால் தங்கை நிக். ஆங்கிலப் பதிவேடுதான் இருவரையும் மகனாக்கிவிட்டது. இன்னொன்று, பழைய ஸ்காட்லாந்தில் மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தாள். கல்லறையில்கூடக் கணவன் பெயர் ஒன்று, மனைவி பெயர் ஒன்று. முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

ஒரு குடும்பத்தைத் தேட வேண்டும். எந்த எழுத்தில் தேடுவது?

எழுத்தை விடுங்கள். ஒலியையும் ஊரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1855 ஜனவரி 1 முதல். அந்த முதல் வருடப் படிவம் அவ்வளவு விரிவானது, உங்கள் ஆள் அதில் அகப்பட்டால் அதிர்ஷ்டம்தான். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். இவற்றைத் தேசிய ஆவணக் காப்பகம் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ தளத்தில் வைத்திருக்கிறது.

கணினித் தேடலில் ‘சவுண்டெக்ஸ்’ என்று ஒரு முறை உண்டு. 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தூக்கிவிட்டு, மெய்களை இனம் பிரித்து எண்ணாக்கும். எம்-ஏ-சி போட்டாலும் எம்-சி போட்டாலும் மக்டொனால்டுக்கு எம்235 தான் வரும். மென்சீஸுக்கும் மிங்கிஸுக்கும் எம்522. ஜியும் இசட்டும் அதன் கணக்கில் ஒரே இனம் என்பதால் யோக் எழுத்தின் குளறுபடியைத் தன்னையறியாமல் சரிசெய்துவிடுகிறது! ஆனால் மக்கானலுக்கு எம்254. அதே டோனலின் மகன்தான், சவுண்டெக்ஸுக்குத் தெரியாது. மெலிவால் வந்த மாற்றத்தையும் மொழிபெயர்ப்பையும் எந்த இயந்திரமும் பிடிக்காது. கையால் ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் தேடுவதைத் தவிர வழியில்லை. ‘மாக்’ கழன்றுபோன வடிவத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

என் பெயருக்கு என்ன டார்ட்டன்?

கட்டம் போட்ட துணி பழையது. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற கறார்க் கணக்கு பெரும்பாலும் 1822-ல் நான்காம் ஜார்ஜ் அரசர் எடின்பரோ வந்த கோலாகலத்தை ஒட்டி வளர்ந்தது. பிடித்ததைக் கட்டிக்கொள்ளுங்கள். குலச்சின்னம் அப்படியில்லை. முழுச் சின்னம் ஒரு தனிமனிதருக்கு உரியது, அதைக் கண்காணிக்க லார்ட் லயன் என்ற அரசு அதிகாரி இருக்கிறார்.

தமிழில் எழுதும்போது மாக், மெக், மக்: எது சரி?

ஸ்காட்லாந்துக்காரர் வாயில் அந்த அசைக்கு அழுத்தமே இருக்காது, ‘மக்’ என்று தேய்ந்துதான் வரும். அதனால் புதிதாக எழுதும் பெயர்களுக்கு நான் ‘மக்’ போடுகிறேன். மெக்காலே, மெக்கன்சி, மெக்டொனால்ட்ஸ் எல்லாம் தமிழில் ஊறிவிட்ட வடிவங்கள், அவற்றை நோண்ட வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே நான் இரண்டு விதமாகவும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எடின்பரோ எழுத்தர்கள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன்.

எங்கள் குடும்பம் சென்னைதான். தாத்தா பெயரில் ஸ்காட்லாந்துப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் அந்தக் குலமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தந்தை வழியில் வந்திருக்கலாம். ஞானஸ்நானம் கொடுத்தவர், வளர்த்தவர், முதலாளி என்று யாருடைய பெயராகவும் இருக்கலாம். ஜமைக்காவில் காம்பெல்கள் ஏராளம். காரணம், தோட்ட முதலாளிகளின் பெயர்கள் அடிமைகள் மேல் விழுந்தன. பெயர் வந்த வழியைப் பதிவேட்டில்தான் பார்க்க முடியும். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில், ‘என் 2’ என்ற வரிசையில் இருக்கின்றன. சென்னையில் இருந்தால் எழும்பூரில் 1821-ல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகத் திறந்த புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை, நம் ஊர்க்காரர்கள் ‘கர்க்’ என்று சொல்கிறார்களே, அதையும் போய்ப் பாருங்கள். பதிவேடு ஏதாவது பார்க்கக் கிடைத்தால் தாத்தாவின் பெயரை மட்டும் தேடாதீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று பாருங்கள், அவர்கள் அதே பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.